யார் மூட்டிய வெயில்?

ஜூன் 19, திங்கள்

இன்றைய உச்சம் 48.6. எழுதி முடித்து பஸ்ரா வானிலை நிலையத்தின் முத்திரையைக் குத்திய கையோடு தொலைபேசி அலறியது. பெயர் சொல்லாத ஒரு மனிதர்.

"என் கார்ல அம்பத்திமூணு காட்டுது. நீங்க நாப்பத்தெட்டுன்னு எழுதுறீங்க. அம்பதுன்னு எழுதினா ஆபீசுக்கு லீவு விடணும், அதானே பயம்?"

காருக்குக் கீழே தார் ரோடு கொதிக்கிறது, நாங்கள் நிழலில், மரக்கூண்டுக்குள் அளக்கிறோம், உலகம் முழுக்க அப்படித்தான் அளக்கிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னேன்.

"உங்க கூண்டுக்குள்ளயா நாங்க குடியிருக்கோம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

இருபத்தொரு வருட வேலையில் எத்தனையோ வசவு கேட்டிருக்கிறேன். இது மட்டும் ஏன் இப்படிக் குடைகிறது? அவர் சொன்னதில் தப்பு எங்கே என்று மாலைவரை தேடினேன். கிடைக்கவில்லை.

ஜூன் 22, வியாழன்

நக்லா வானொலியில் நிகழ்ச்சி நடத்தும் லுஅய் பேசினான். ஞாயிறு காலை நேரலையில் அரைமணி நேரம், "இந்தச் சூடு எதனால்?" என்று தலைப்பாம். எங்கள் நிலையத் தலைவர் அபூ மிக்தாதிடம் அனுமதி கேட்டேன். கொடுத்தார். ஒரே நிபந்தனை.

"எண்கள மட்டும் சொல்லுங்க சுஹாத். காரணத்துல கால வெச்சிடாதீங்க. அது சேறு."

ஜூன் 25, ஞாயிறு

சேறுதான்.

முதல் பத்து நிமிடம் ஒழுங்காகப் போனது. பழைய பதிவேடுகளையும் இப்போதையதையும் ஒப்பிட்டு, ஜூலை மாதத்தின் சராசரி உச்சம் என் வேலைக்காலத்திலேயே ஏறியிருப்பதைச் சொன்னேன். அப்புறம் இணைப்புகளைத் திறந்துவிட்டான் லுஅய்.

ஸுபைரிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்: "இதெல்லாம் ஐரோப்பாக்காரன் கட்டிவிட்ட கதை. நம்ம எண்ணெய விலையில்லாமப் பண்ண ஒரு தந்திரம். எங்கப்பா காலத்துலயும் பேரீச்சம்பழம் வெயில்லதான் பழுத்துச்சு."

ஒரு பெண்: "துருக்கிக்காரன் மேல அணையக் கட்டி ஆத்த மறிச்சிட்டான். தண்ணி இருந்தா ஏன் சுடுது?"

இன்னொருவர் நம் பாவம்தான் காரணம் என்றார். யார் யாருடைய பாவம் என்று பட்டியல் தொடங்கியதும் லுஅய் அவசரமாகத் துண்டித்தான்.

கடைசி அழைப்பு. "என் பேரு வேணாம். கர்மத் ஸாலிம் கிராமம். கம்பெனித் தீக்குப் பக்கத்துல இருக்கேன்."

முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. என் அக்கா இப்திஹால். எண்ணெய் வயலில் வீணாகும் வாயுவை இரவும் பகலும் எரிக்கும் அந்தக் குழாயிலிருந்து அவள் வீடு எழுநூறு மீட்டர்கூட இருக்காது.

"ஒரே வார்த்தையில சொல்லுங்க மேடம். இந்தச் சூட்டுக்கு அந்தத் தீ காரணமா, இல்லையா?"

மேடமாம்! மைக்கை அருகே இழுத்துக்கொண்டேன். "பஸ்ரா முழுக்க ஏறியிருக்கிற சூட்டுக்கு அந்த ஒரு தீ காரணம் இல்லைங்க. உலகம் முழுக்க எரிக்கிற எண்ணெய், நிலக்கரி, வாயு எல்லாம் சேர்ந்து—"

லுஅய் விரலைச் சுழற்றினான். விளம்பரம். குளிர்சாதனப் பெட்டி விளம்பரம்.

இன்னும் இரண்டு வாக்கியம் பாக்கி இருந்தது எனக்கு.

ஜூன் 26

அக்காவுக்கு மூன்று முறை அடித்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 3, திங்கள்

தொலைக்காட்சியில் எண்ணெய்க் கம்பெனியின் பேச்சாளர். மடிப்புக் கலையாத சட்டை. "நாங்க சொல்றத விடுங்க. நம்ம வானிலை நிலையத்துல இருக்கிற சுஹாத் அவர்களே ரேடியோவுல சொல்லிட்டாங்க, அந்தத் தீ காரணம் இல்லைன்னு. இது உலகப் பிரச்சினை. உலகம் சேர்ந்து தீர்க்கணும்."

நிலையத்தில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அபூ மிக்தாத் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும்.

நான் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. பொய்யாக இருந்தால் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

ஜூலை 6, வியாழன்

தீக்குழாயை ஊரைவிட்டுத் தள்ளி வைக்கவேண்டும் என்று கர்மத் ஸாலிம்காரர்கள் மாகாண சபைக்குக் கொடுத்திருந்த மனு திரும்பி வந்துவிட்டதாம். காரணப் பத்தியில் என் பெயர், என் வாக்கியம். மனுவில் முதல் கையெழுத்து அக்காவுடையது.

இன்று அவளே கூப்பிட்டாள். அரை நிமிடம்.

"உன் உலகத்துக்கு ஒரு சலாம் சொல்லு. துணி காயப்போட்டா கரி விழுது. ரவான் மூச்சு விடும்போது விசில் அடிக்குது. உலகமா வந்து ஊதுது?"

ரவான் அவள் மகள். பதினேழு வயது. என்னிடம் ஒட்டிக்கொண்டு வளர்ந்தவள்.

ஜூலை 14, வெள்ளி

போகாமல் இருக்க முடியவில்லை. போனேன்.

அக்கா கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. ஜப்பார் மச்சான்தான் உட்காரவைத்துப் பேசினார். அந்த எண்ணெய் வயலின் வாசலில் பன்னிரண்டு வருடமாகக் காவல் வேலை அவருக்கு.

"வா கொழுந்தியா! ரேடியோவுல நெத்தியடி அடிச்சே. நான் உங்க அக்காகிட்ட வருஷக்கணக்கா சொல்றேன், தீயக் குறை சொல்லாதேன்னு. அது எரியுதுன்னாதான் நம்ம அடுப்பு எரியும். எல்லாம் உலகம்!"

உள்ளே ஒரு பாத்திரம் 'டங்' என்று விழுந்தது. விழவில்லை, வைக்கப்பட்டது.

மச்சான் என்னைப் பாராட்டப் பாராட்ட எனக்கு உடம்பு கூசியது. திட்டுகிற அக்கா பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது. அவளும் சேர்த்துக்கொள்ளமாட்டாள்.

அவள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை, இல்லையா? அவள் கேட்டது 'என் வீட்டுச் சூடு'. நான் சொன்னது 'பஸ்ராவின் சூடு'. எங்கள் கூண்டு விமான நிலையத்தில் இருக்கிறது. அவள் மாடியில் யார் அளந்தார்கள்?

ஜூலை 17

சேமிப்பறையில் கழித்துப்போட்ட பழைய மரக்கூண்டு ஒன்று கிடக்கிறது. ஒரு வெப்பமானியை நிலையத்தின் கருவியோடு வைத்துச் சரிபார்த்தேன், சுத்தமாகக் காட்டுகிறது. அபூ மிக்தாதிடம் கேட்டேன்.

"எதுக்கு?"

"அக்கா வீட்டு மாடிக்கு."

கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "நான் தொழுகைக்குப் போறேன். வர இருபது நிமிஷம் ஆகும். திரும்பி வரும்போது அந்த மூலையில என்ன இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இருக்காது" என்றார்.

ஜூலை 18, செவ்வாய்

கூண்டை மாடியில் வைத்தாயிற்று. நான் நிலையத்தில் இருக்கும் நேரத்தில் படிக்க ஆள் வேண்டும். அக்கா மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் படிக்கிறேன். ஆனா உன்கூடப் பேசமாட்டேன்."

"எண்ணு மட்டும் அனுப்பு."

"அத மட்டும்தான் அனுப்புவேன்."

ஜூலை 19

காலை 9: 41.0. நண்பகல்: 47.2. மாலை 6: 47.9.

சலாம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. ஆனால் நிமிடம் தப்பவில்லை.

ஜூலை 30, ஞாயிறு

நேற்று ஆஷூரா, ஊருக்கே சமைத்துப் போடும் துக்க நாள். வருடா வருடம் அக்கா வீட்டுப் பெரிய அண்டாவிலிருந்து எனக்கு ஒரு தூக்கு இறைச்சிக் கீமா வரும், கொண்டைக்கடலை மசிந்து, லவங்கப்பட்டை மணக்க. இந்த வருடம் வரவில்லை. மாலை ஆறு மணிக்கு '46.8' வந்தது. அவ்வளவு கூட்டத்திலும் மாடி ஏறியிருக்கிறாள்.

அந்த 46.8-ஐப் பார்த்து அழுதேன். நாற்பத்தைந்து வயதில் ஒரு எண்ணைப் பார்த்து அழுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

நண்பகல் எண் வரவில்லை. மாலை எண்ணும் வரவில்லை.

எங்கள் உச்சம் 50.9.

ஆகஸ்ட் 9

ஜப்பார் மச்சான் வாசலில் நின்றபடியே விழுந்திருக்கிறார். ஒரு லாரி ஓட்டுநர்தான் பார்த்துத் தூக்கினாராம். உடம்பு அடுப்புக்கல் மாதிரி கொதித்ததாம், வியர்வை ஒரு சொட்டு இல்லை.

மருத்துவமனைக்கு ஓடினேன். ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். என் தோளில் தலையைச் சாய்த்தாள். பேசவில்லை. பேசமாட்டேன் என்றுதானே சொல்லியிருந்தாள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

மச்சான் கண் திறந்து பேசுகிறார். வலது கை இன்னும் நடுங்குகிறது. வெயில் தாக்கு என்று டாக்டர் எழுதியிருக்கிறார். கம்பெனியிலிருந்து ஒருவர் பழக்கூடையோடு வந்தார். "வயசாச்சு, சர்க்கரை வேற. வெயில் எல்லாருக்கும்தானே அடிக்குது ஜப்பார்?" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் மச்சான் மெதுவாக, "எல்லாருக்கும்தான் அடிக்குது. ஆனா அவன் ஏசியில நிக்கிறான்" என்றார்.

ரவான் இரண்டு நாளாக அவளே மாடி ஏறி எண்களை அனுப்புகிறாள்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஒரு மாதக் கணக்கு முடிந்தது. நடுப்பகலில் அக்கா வீட்டுக்கும் எங்கள் நிலையத்துக்கும் வித்தியாசம் இல்லை என்றே சொல்லவேண்டும். காற்று அடங்கி, தீயின் பக்கமிருந்து லேசாக வரும் மாலைகளில் மட்டும் இரண்டு டிகிரி, சில நாள் இரண்டரை கூடுதல். காற்று திசை மாறினால் அதுவும் இல்லை.

மூன்று முறை சரிபார்த்தேன். நான்காவது முறை, கூடவேண்டும் என்று ஆசைப்பட்டே பார்த்தேன். கூடவில்லை.

மருத்துவமனை வராந்தாவில் அக்காவிடம் காட்டினேன். ஒரு மாதத்துக்குப் பிறகு முழு வாக்கியம் பேசினாள்.

"மூணு வாரம் செருப்பு உருகுற வெயில்ல ஏறி இறங்கியிருக்கேன்டி. இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"மறுபடி மனு கொடுத்தோம், வியாழக்கிழமை சபையில விசாரணை வெச்சிருக்காங்க. உன்னையும் கூப்பிட்டிருக்காங்க." என் கையைப் பிடித்தாள். "அஞ்சுன்னு சொல்லு. யாருக்குத் தெரியப்போகுது? உங்க மச்சான் கிடக்குற கிடையப் பாரு. ரவானப் பாரு. அஞ்சுன்னு ஒரு வார்த்த."

கணக்குத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

ஆகஸ்ட் 20

அஞ்சு. சொன்னால் தீயைத் தள்ளிவைப்பார்களா? வைக்கலாம். ஒரு ஊர் மூச்சுவிடும். ஒரு பொய்க்கு இவ்வளவு பலன் உண்டென்றால் அது பாவமா?

ஆனால் அந்தப் பேச்சாளர் நாளைக்கே ஒரு வெப்பமானியோடு மாடி ஏறினால்? அப்புறம் ரவானின் இருமலும் பொய்யாகிவிடும். கரி விழுந்த துணியும் பொய்யாகிவிடும். மச்சான் விழுந்ததும்.

ஏன் எல்லோரும் ஒரே வார்த்தையில் கேட்கிறார்கள்!

ஆகஸ்ட் 24, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் கிராமத்துக்காரர்கள், இன்னொரு பக்கம் கம்பெனி ஆட்கள். நடுவில் அபூ மிக்தாத், தரையைப் பார்த்தபடி.

இரண்டு, சில நாள் இரண்டரை என்றேன். நடுப்பகலில் வித்தியாசம் இல்லை என்பதையும் சொன்னேன். கிராமத்துப் பக்கம் முணுமுணுப்பு. "விலைபோயிட்டா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பேச்சாளர் சிரித்த முகத்தோடு எழுந்தார்.

"அப்போ மேடம், பெரும்பங்கு உலகம்தான்னு ஒத்துக்கிறீங்க."

"ஒத்துக்கிறேன். ஆனா உலகம்னா எதுங்க?" என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "உங்க தீ எந்த உலகத்துல எரியுது? அதுலேருந்து போற வாயு எல்லைச் சாவடியில நின்னுடுதா? ரேடியோவுல என் வாக்கியத்தப் பாதியில வெட்டினாங்க. மீதிய இப்ப சொல்றேன். உலகம் முழுக்க எரிக்கிறதெல்லாம் சேர்ந்துதான் இந்தச் சூடு. அதுல இந்தத் தீயும் சேர்த்தி. இந்த ஊருக்கு அது ரெண்டு தடவ அடிக்குது. பக்கத்துல ஒரு தடவ, வானத்துலேருந்து ஒரு தடவ."

யாரும் கைதட்டவில்லை. துருக்கி அணையைப் பற்றி ஒருவர் கத்தத் தொடங்கினார். ஐரோப்பாக்காரன் கதை என்றார் இன்னொருவர். அப்போது அக்கா எழுந்தாள்.

"மாடி ஏறி அளந்தது நான். இவ சொன்ன எண்ணு சரி. அஞ்சுன்னு சொல்லச் சொன்னதும் நான்தான். இவ சொல்லல." கறுப்பு அபாயாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்கு இன்னமும் அந்தத் தீ மேலதான் கோவம். ஆனா எண்ணு சரி."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு பழைய கூச்சல்.

ஆகஸ்ட் 30, புதன்

துறையின் அனுமதியின்றிப் பொது இடத்தில் பேசியதற்கும், அரசுப் பொருளை வெளியே எடுத்துச் சென்றதற்கும் விளக்கம் கேட்டு ஒரு தாள். அதோடு மாற்றல் உத்தரவு: ஸமாவா, ஆவணப் பிரிவு. கருவிகளைத் தொடும் வேலை இல்லை.

அபூ மிக்தாத், "கூண்ட நான்தான் கொடுத்தேன்னு எழுதிக் கொடுக்கவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவருக்கு ஓய்வுபெற எட்டு மாதம்தான் இருக்கிறது.

செப்டம்பர் 12

சபையின் முடிவு வந்துவிட்டது. ஆராய ஒரு குழு.

செப்டம்பர் 13

தீ எரிகிறது. வேறென்ன எழுத.

அக்டோபர் 6, வெள்ளி

வியாழன் மாலை ஸமாவாவிலிருந்து பேருந்து பிடித்தால் வெள்ளி காலை என் வீட்டில் நான் ஒரு விருந்தாளி. அக்காவும் மச்சானும் ரவானும் மூன்று வாரமாக இங்கேதான். கர்மத் ஸாலிம் வீட்டைப் பூட்டிவிட்டார்கள். டாக்டர் மச்சானை இனி வெயிலில் நிற்கவே கூடாது என்றுவிட்டார். நிற்காத காவலாளி கம்பெனிக்கு எதற்கு? ரவானின் மூச்சில் விசில் குறைந்திருக்கிறது. முழுக்க நிற்கவில்லை.

காலை எருமைக் கட்டித்தயிரும் பேரீச்சம்பாகும் வைத்துக்கொண்டு வழக்கமான சண்டை. மச்சான் இப்போது துருக்கி அணைக்கு மாறிவிட்டார். அக்கா, "பன்னெண்டு வருஷம் தீக்குக் காவல் இருந்துட்டு ஆத்தக் குறை சொல்றாரு பாரு!" என்றாள். நான் வாயைத் திறந்தேன். "நீ உலகத்த ஆரம்பிக்காதே" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ரவான் சிரித்தாள்.

நண்பகலில் மச்சான் முற்றத்துப் பக்கம் போய், கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"அப்பாடா! குளிர் வந்தாச்சு."

நாற்பத்தொன்று.

அக்கா எழுந்துபோய் ஏசியை அணைத்தாள். அதை மட்டும் எங்களில் யாரும் மறுத்துப் பேசவில்லை.