பதினான்காம் படத்துத் தண்ணீர் ரயில்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஓய்வுபெற்றோர் சங்கத்து ஆல்பத்துக்காக நீ அனுப்பிய இருபது பழைய ரயில் படங்களும் வந்து சேர்ந்தன. கவரைத் திறந்ததும் ஒரு வாடை வந்ததே, சீ! எலி குடித்தனம் நடத்திய பீரோவிலா வைத்திருந்தீர்கள்? கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு தடவை கை கழுவினேன். சிரிக்காதே.

வாடையாவது பரவாயில்லை. உங்கள் குழு படங்களுக்கு எழுதியிருக்கும் விளக்கங்கள்தான் குமட்டுகின்றன. மூன்றாம் படத்தில் இருப்பது 'குழந்தைகள் ரயில்' இல்லை. பஸ்ஸின் பாடியைத் தூக்கி ரயில் சக்கரத்தில் உட்காரவைத்த ஆய்வு வண்டி. பின்பக்கமாக ஓட அதற்குத் தெரியாது. அடிவயிற்றில் ஒரு ஜாக்கி தெரிகிறது பார், அதை இறக்கி, வண்டியைத் தூக்கி, நாலு பேர் கையாலேயே திருப்பிவிடுவார்கள். ஒன்பதாம் படத்துக்கு 'பீரங்கி ரயில்' என்று எழுதிய மகானுபாவன் யார்? தடம் புரண்ட பெட்டிகளைத் தூக்குகிற கிரேன் அது. ஓடும்போது அதன் நீளக் கையை முன்னால் உள்ள வண்டியின் மேல் படுக்கப்போட்டிருப்பார்கள். முப்பது வருஷம் ரயில்வேயில் குப்பை கொட்டியவர்கள்தானே நீங்களெல்லாம்?

பதினான்காம் படம்தான் உறுத்துகிறது. 'வறட்சியில் தாகம் தீர்த்த தண்ணீர் ரயில்' என்று போட்டிருக்கிறது. இடம், எங்கள் குவார்ட்டர்ஸை ஒட்டிய கிளைத் தண்டவாளம், அந்தச் சைடிங்தான். ஓர் அதிகாரி பல்லைக் காட்டிக்கொண்டு முதல் குடத்தை நிரப்புகிறார். அந்த மாதத்தை நான் மறக்க முடியுமா? என் பிள்ளை என்னை விட்டுப் போன மாதம் அது. பால் புட்டியை நான் சரியாகக் கழுவாததால் போனான். அது இருக்கட்டும். டாங்கின் பின்பக்கம், பெட்டிகள் முட்டிக்கொள்ளும் பஃபருக்குக் கீழே, குறுக்காக ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. குடிதண்ணீர் டாங்குக்கு அது எதற்கு? பெரிய பிரதி ஒன்று அனுப்பு.

உன் கடிதத்தில் வழக்கம்போல 'பளைய ரயில்', 'களட்டிய பெட்டி'. எழுபது தாண்டியும் உனக்கு ழகரம் வசப்படவில்லை. அப்பா உன் காதைத் திருகியதெல்லாம் வீண்.

அன்புடன்,
சோப்பு


மார்ச் 11

அன்புத் தங்கை சோப்புக்கு,

அண்ணன் எளுதுவது. முட்டிவலி தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைக் குளுவில் உரக்கப் படித்தேன். பீரங்கிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "என் தங்கச்சி வரைபடப் பிரிவுல இருந்தவ, ஒரு ஆணியைக் காட்டினாப் போதும், வண்டி பேரைச் சொல்லிடுவா" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினாலை மட்டும் விட்டுவிடு. அது தண்ணி வண்டிதான். யார்டில் நின்று அனுப்பிவைத்தவனே நான், எனக்குத் தெரியாதா? அட்டைப்படமாக அதைத்தான் போடுகிறார்கள். விளாவில் எனக்கு மேடையில் நாற்காலி உண்டு. ஊர் தாகத்தைத் தீர்த்தவர் என்று சால்வை போடப்போகிறார்களாம். நீ முன்வரிசையில் உட்கார வேண்டும்.

கையைக் களுவிக் களுவித் தோலை உரித்துக்கொள்ளாதே. புட்டி விஷயம் நடந்தது நடந்துபோச்சு. உன்னை யாரும் குறை சொல்லவில்லை. அதை ஏன் இன்னும் கிளறிக்கொண்டிருக்கிறாய்?

உன் பிரியமுள்ள
அண்ணன்


மார்ச் 23

அண்ணாவுக்கு,

பெரிய பிரதியை நீ அனுப்பவில்லை. உங்கள் போட்டோகிராபருக்கு நானே எழுதினேன். அந்தப் பெண் மூன்றே நாளில் அனுப்பிவிட்டாள்.

அது களைக்கொல்லி ரயில். தண்டவாளத்தில் முளைக்கிற புல்பூண்டை விஷம் தெளித்துக் கருக்குகிற வண்டி. பின்பக்கக் குழாயில் இருபத்துநாலு துளைகள். எனக்கு எண்ண வேண்டிய அவசியமே இல்லை, அதன் வரைபடத்தை டிரேசிங் தாளில் இழுத்தவளே நான். டாங்கின் மேல் புதுப் பெயின்ட் ஒரு பட்டையாக ஓடுகிறது. பட்டைக்கு அடியில் விஷக் குறியான மண்டையோடு லேசாகத் தெரிகிறது. அதற்கும் கீழே சாக்பீஸில் ஒரு வார்த்தை. பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தேன்.

'களுவியாச்சு.'

அப்படி எழுதுகிற ஆள் அந்த யார்டில் எத்தனை பேர் இருந்தார்கள், அண்ணா? முதலில் சிரிப்புதான் வந்தது. ஐயோ, நம்ம அண்ணன் கையெழுத்து என்று சிரித்தேன். அப்புறம் எந்த டாங்கின் மேல் எழுதியிருக்கிறது என்று உறைத்தது.

அந்த வாரம் குவார்ட்டர்ஸில் பாதிப் பேருக்கு வாந்தி. தண்ணீர் மாறியதால் என்றார்கள். என் பிள்ளைக்கு மட்டும் வேறு காரணம். "புட்டியை ஒழுங்கா கழுவினியாம்மா?" என்று டாக்டர் கேட்டார். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது நீயும் கேட்டாய். "வெந்நீர்ல கழுவினியா, இல்ல சும்மா அலசி வெச்சியா?" வெந்நீரில்தான் கழுவினேன். அந்த வெந்நீரும் அந்த டாங்கிலிருந்துதான் வந்தது. நாற்பத்தொரு வருஷமாக நான் தொட்டதையெல்லாம் கழுவிக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சோப்பு என்று பேர் வைத்தவன் நீ.

ஒரே ஒரு கேள்வி. அந்த டாங்கைக் கழுவினாயா?

தங்கை


ஏப்ரல் 2

தங்கச்சி,

பத்து நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

களுவவில்லை. எதை வைத்துக் களுவுவது? யார்டில் ஒரு சொட்டு கிடையாது. களுவத் தண்ணி இருந்தால் தண்ணி ரயில் எதற்கு? உள்ளே ஆளை இறக்கித் துடைப்பத்தால் பெருக்கவிட்டேன், அவ்வளவுதான். அதிகாரி வந்தார். "என்னய்யா, களுவியாச்சா? அங்க போட்டோக்காரன் காத்துக்கிட்டிருக்கான்" என்றார். கையில் சாக்பீஸ் இருந்தது. எளுதிவிட்டேன். காய்ந்துதானே கிடக்கிறது, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். வேறு ஊருக்குப் போகிறது என்றுதான் முதலில் சொன்னார்கள். உன் குவார்ட்டர்ஸுக்கு என்று வண்டி கிளம்பிய பிறகுதான் தெரியும்.

டாக்டர் புட்டியைப் பற்றிக் கேட்டாரே, அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. அதனால்தான் நானும் கேட்டேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தண்ணி வண்டி அங்கே வந்த மறுநாள் உன் வீட்டுக்கு வந்தேன், தண்ணி கொடுத்தாய். நான் குடிக்கவில்லை.

விளா பன்னிரண்டாம் தேதி. அட்டையில் கிரேன் படத்தைப் போடச் சொல்லிவிடுகிறேன். பதினாலாம் படத்தைக் கிளித்துப் போட்டுவிடலாம். பேரன் பேத்தி எல்லாரும் வருகிறார்கள். இது நம் இரண்டு பேரோடு போகட்டும். உன் காலில் விளுகிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 6

ஆல்பக் குழு உறுப்பினர் அவர்களுக்கு,

பதினான்காம் படத்தை எடுக்கக் கூடாது. அட்டையிலேயே இருக்கட்டும். விளக்கத்தை மட்டும் மாற்றுங்கள். வாசகம் இது:

'களைக்கொல்லி தெளிக்கும் ரயிலின் டாங்கு. வறட்சியின்போது, கழுவப்படாமல், குடிதண்ணீர் கொண்டுபோனது. பின்பக்கம் தெளிப்புக் குழாய் தெரிகிறது. டாங்கின் மேல் சாக்பீஸில் எழுதியிருப்பது பொய்.'

இதன் நகலைக் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். ஏப்ரல் 2-இல் நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தின் நகலும் அதோடு இருக்கிறது.

வேறு ஊருக்குப் போகிறது என்று நினைத்தீர்களாம். வேறு ஊரில் பிள்ளைகள் கிடையாதா? அடுத்து, என் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கவில்லை என்ற வரி. அந்தத் தம்ளரை நீட்டியபோது என் இடுப்பில் அவன் இருந்தான். உங்கள் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பிடித்து இழுத்தான். அவனைக் கொஞ்சிவிட்டு, தம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டுப் போனீர்கள். இத்தனை வருஷம் உங்கள் எச்சில் தட்டைக்கூட முகம் சுளிக்காமல் எடுத்திருக்கிறேன். நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

இன்று காலை போட்டோக்களை வெறுங்கையால் எடுத்து அடுக்கினேன். அதே கையோடு டீ போட்டுக் குடித்தேன். நாற்பத்தொரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடிப்போயிருந்தது. முழுவதும் குடித்தேன்.

விழாவுக்கு வரமாட்டேன். இனிமேல் எனக்கு எழுதவும் வேண்டாம். உங்களைக் கைகழுவிவிட்டேன். அதற்கு எந்த ழு என்று இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அவனுடைய அம்மா