வெள்ளையன் கொம்பில் தட்டி

ஜனவரி 18, 2008. வெள்ளி
காலையில் பனி. ஸ்கூட்டர் கிளம்ப அடம். வாங்க வேண்டியவை: மூங்கில் பட்டை, ஜிகினா பேப்பர், பசை, கட்டுக்கம்பி. சாந்திக்கு இருமல் மருந்து.

சாந்தியின் அண்ணன் முனிராஜ் விடாமல் போன். ஞாயிறு அவர் ஊரில் எருது விடும் விழா. அவர் மாடு வெள்ளையனின் கொம்பில் கட்டும் அலங்காரத் தட்டி எப்போதும் என் வேலை. ஓடும் மாட்டிலிருந்து அதைப் பறிப்பதுதான் போட்டி. போன வருஷம் மாடு தெருவில் இறங்கியதுமே எவனோ தட்டியைப் பறித்துக்கொண்டு போய்விட்டான். மச்சானுக்கு அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. "இந்த வாட்டி எவன் கைலயும் சிக்கக் கூடாது மாப்ள. லிஃப்ட் மெக்கானிக்கு, ஒரு கட்டு கட்டத் தெரியாதா?"

தெரியும். நன்றாகவே தெரியும்.

காவ்யா காலேஜில் பிராணிகள் சங்கத்தில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் தினமும் தகராறு. டிவியில் ஜல்லிக்கட்டு கோர்ட் சேதி வந்தால் சத்தத்தைக் கூட்டுகிறாள்.
"மாடு வந்து கேட்டுச்சாப்பா, என்னை ஓட விடுன்னு?"
"உன்ன டியூஷனுக்கு அனுப்புனப்போ உன்னக் கேட்டா அனுப்புனேன்?"
சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

ஜனவரி 20. ஞாயிறு
அத்திபெலே வரை பஸ்ஸில் நின்றபடியே. கால் வலி. காவ்யாவும் வந்தாள், சங்கத்துக்குப் படம் எடுக்க. மச்சானுக்கு முகம் சுண்டிவிட்டது.

தட்டி ஆள் உயரம். இந்த முறை பட்டைகளை நெற்றிக்குக் கீழே வரை இறக்கி, மூக்கணாங்கயிற்றோடும் சேர்த்துக் கம்பியால் முறுக்கினேன். என் யோசனைதான். எத்தனை பேர் பாய்ந்தார்கள்! ஒருவனாலும் பிடுங்க முடியவில்லை. விசில், பட்டாசு. மச்சான் என்னைத் தோளில் தூக்கிவிட்டார். சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

தெருக்கோடியில் கயிறோடு நின்றவர்களைத் தாண்டி மாடு ஓடிவிட்டது. இருட்டும் வரை தேடினோம். யூகலிப்டஸ் தோப்பு, செங்கல் சூளை, எங்கும் இல்லை. "தானா வந்துரும் மாப்ள, சாப்புடு." சாப்பாடு இறங்கவில்லை.

ஜனவரி 21. திங்கள்
சி.எல். போட்டேன். சூப்பர்வைசர் முணுமுணுப்பு.

காவ்யாதான் முதலில் பார்த்தாள். ஏரிக்கரை. வெள்ளையன் தண்ணீர் ஓரம் நிற்கிறது, தட்டி அப்படியே. குடிக்கத் தலையைத் தாழ்த்தும். பட்டை முனை தரையில் முட்டும், மூக்கணாங்கயிறு சுண்டும், தலை மேலே போய்விடும். மறுபடி குனியும். வாயில் நுரை.

நான் போட்ட முறுக்கு. என் கைக்கே அவிழவில்லை. கட்டிங் பிளேயர் கொண்டுவரவில்லை, மடையன். விரல் கிழிந்தது. காவ்யா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். தட்டி விழுந்ததும் வெள்ளையன் குடித்தது, குடித்தது, நிறுத்தவே இல்லை.

காவ்யா கேமராவைத் தொடவில்லை. பஸ்ஸில் ஒன்றே ஒன்று சொன்னாள். "ராத்திரி பூரா தண்ணி பக்கத்துலயே நின்னிருக்குப்பா."

ஜனவரி 23. புதன்
இரண்டு நாளாக வேலையில் மனம் ஒட்டவில்லை. ஸ்பேனரை எங்கோ வைத்துவிட்டு ஊரெல்லாம் தேடல். விரல் வீக்கம். டி.டி. ஊசி போட வேண்டும்.

சாயங்காலம் மச்சான் போன். வரும் ஞாயிறு பக்கத்து ஊர் விழா, அதே மாதிரி தட்டி வேண்டுமாம். ஏரிக்கரையில் பார்த்ததைச் சொன்னேன். "ஒரு நாள் பட்டினில மாடு செத்துராது மாப்ள. முடியலன்னா சொல்லு, இங்க ஆளா இல்ல? உன் கட்டப் பாத்துட்டு எல்லாரும் இப்ப கம்பிதான் வாங்கி வெச்சிருக்காங்க."

நான் மறுத்தால் வேறு எவனாவது கம்பியால்தான் கட்டுவான்.

"சரி மச்சான், நானே வந்து கட்டறேன்" என்றேன். காவ்யா வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அவளிடம் சொல்லலாம். சொன்னால் சாந்திக்குத் தெரியும், சாந்திக்குத் தெரிந்தால் அண்ணனுக்குத் தெரியும்.

இந்த முறை கம்பியால் கட்டப்போவதில்லை. ஜிகினாவுக்கு அடியில் தையல் நூல். முதலில் தொடுகிறவன் கையோடு தட்டி வந்துவிடும். அதன்பிறகு மச்சான் என்னோடு பேசமாட்டார். காவ்யா இப்போதே பேசவில்லை.