உருவமில்லாத புரதம்

8-7-2007, ஞாயிறு

மனைவி மும்தாஜ் இன்று மாத்திரை போட்டுக்கொண்டாள். தன் கை நடுங்குவதற்கு என் தங்கை வைத்த செய்வினைதான் காரணம் என்று நம்பி இதுவரை அதைத் தொடவே இல்லை.

ஆராய்ச்சி செய்யும் மகள் சல்மாதான் விளக்கினாள். உடம்பில் சில புரதங்களுக்குச் சொந்த உருவம் இல்லையாம். வேலைக்கு ஏற்ப உருவம் எடுக்குமாம்.

"ஸ்டேஷன்ல மூட்டை தூக்கசொல்ல நான் வெச்சிருந்த துண்டு மாதிரியா? தலையில சும்மாடு, இடுப்புல கச்சை."

"அதேதான் அத்தா. அந்தப் புரதம் மூளையில கட்டி கட்டியா சேர்ந்துட்டா கை நடுங்கும். மாத்திரை நடுக்கத்தைக் குறைக்கும்."

"அப்போ நாத்தனார் ஒண்ணும் வெக்கலியா?" என்றாள் மும்தாஜ்.

"பிரியாணிக்கே உப்பு சரியா போடத் தெரியாது அவங்களுக்கு. செய்வினையா வெக்கப் போறாங்க?" என்று சல்மா சிரித்தாள்.

மும்தாஜ் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினாள். பிறகு, "பெருநாளைக்கு அவளை வரச் சொல்லுங்க" என்றாள்.

போனில் சொல்லமாட்டேன். இந்த வயதில் எழுதக் கற்ற நான் எழுதப்போகும் முதல் கடிதம் தங்கைக்குத்தான்.