அப்பா முன் சீட்டில் ஏறினார்

அன்பு மகன் சாம்ராஜுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், கனடாக் குளிரில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

சிட்டியில் போலாரம் வீட்டை விட்டு இந்தக் கிராமத்துக்குக் குடிவந்தபோது நல்ல காற்று வருகிறது என்று சந்தோஷப்பட்டோம், காற்று மட்டும்தான் ஒழுங்காக வருகிறது, பஸ் வருவதில்லை. பெண்களுக்கு பஸ்ஸில் டிக்கெட் கிடையாதுதான், ஆனால் மெயின் ரோடு வரை நடக்க என் முட்டி சம்மதிக்க வேண்டுமே. நீ போனில் போட்டுக் கொடுத்த டாக்ஸிக்காரர்களோ ஊர் பேரைப் பார்த்ததும் கேன்சல் செய்துவிடுகிறார்கள். அப்பாவின் கண் ஆபரேஷனுக்குப் பிறகு நீ சொன்னபடி ஸ்கூட்டரை விற்றோமே, அதிலிருந்து அவர் கேட்டைத் தாண்டவில்லை. நான் பால் ஆட்டோவில் கேன்களோடு கேனாக உட்கார்ந்து சர்ச்சுக்குப் போய்வந்தேன், அவரைக் கூப்பிட்டால், வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சில் நக்கோ என்று ஒரே வார்த்தை. பாடகர் குழுவில் அத்தனை வருஷம் பாடிய மனிதர் டிவி முன்னால் சுருண்டு கிடப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. போதகரிடம் போய், நம் சபையில் சும்மா நிற்பது அமரர் ஊர்தி ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமை அதற்கு வேலையில்லை, உயிரோடிருக்கிற கிழங்களை ஏற்றிக்கொண்டால் என்ன என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

போன ஞாயிறு டிரைவர் நூர் முகமது வண்டியை நம் வாசலில் நிறுத்தினார். நான் சேலை மடிப்பைச் சரிசெய்வதற்குள் எதிர்வீட்டு கிரி, அம்மன் கோயிலுக்குக் கட்டி வைத்திருந்த சாமந்தி மாலையோடு அழுதுகொண்டே ஓடிவந்துவிட்டார். கதவைத் திறந்தது அப்பாவேதான். கிரி வெலவெலத்துப் போய், மாசக்கணக்கா உங்களை வெளியிலேயே காணோமே அங்கிள், அதான் என்று இழுத்தார். எனக்குச் சிரிப்பு பொங்கியது, அப்பா சிரிக்கவில்லை. அந்த மாலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, நூர் முகமதுவிடம், பின்னாடி நக்கோ பாய், நான் முன் சீட்டுதான் என்று ஏறிவிட்டார். அன்றைக்கு முதல் பாட்டிலேயே அவர் குரல் தனியாகக் கேட்டது, எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து ஊர் பெரியவர்களும் வண்டி கேட்டிருக்கிறார்கள்.

பிளாட் வாங்கித் தருகிறேன், சிட்டிக்கே வந்துவிடுங்கள் என்று இப்போதைக்கு அவரிடம் பேச்செடுக்காதே. பிள்ளைகளுக்குக் காதை மூடித் தொப்பி போடு. நீங்கள் போகிற வழியெல்லாம் கர்த்தர் கூடவே வருவாராக. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், இனி ஞாயிறு காலையில் வீட்டுக்குப் போன் செய்யாதே, அப்பா வீட்டில் இருக்க மாட்டார்.

முத்தங்களுடன்,
அம்மா பெர்சிஸ் தனசிங்