டிரம்ஸ் இல்லாத ஏழு பாட்டு

பெங்களூர்
4.4.2004

அன்புள்ள செண்பகராஜ்,

பக்கவாதத்தில் விழுந்த உன் அப்பா எழுந்து உட்காருகிறாரா? போன் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

நம் பேண்டின் இரண்டாவது ஆல்பத்துக்கு ஏழு பாட்டு தேறிவிட்டது. டிரம்ஸ் இல்லாமல் பதிந்து கேசட் அனுப்பியிருக்கிறேன். கேட்டதும் திட்டாதே. முதல் ஆல்பத்தில் தொண்டை கிழியக் கத்தினேன், எந்தப் பாட்டும் இரண்டு நிமிடம் தாண்டாது. இப்போது நம் ஹார்ட்கோர் ராக் கத்தலில் மெட்டு நுழைந்துவிட்டது. வேகம் பாதிதான்.

ஸ்டுடியோ மே 20. டிரம்ஸ் நீதான். ஒத்திகைக்குப் பத்தாம் தேதியே வந்துவிடு.

உன் விஜயராஜ்


கோவில்பட்டி
15.4.2004

ஏலே விஜி,

கேட்டேன். என்னடா இது, தொட்டில் ஆட்டுகிற மாதிரி? மூன்றாவது பாட்டில் கிதார் நகரவே மாட்டேன் என்கிறது. கத்துவதற்காகச் சேர்ந்தவர்கள் நாம். இதற்கு நான் எதற்கு?

அப்பாவுக்கு வலது கை இன்னும் வரவில்லை. அவருடைய தீப்பெட்டி ஆபீஸ், அந்தத் தொழிற்சாலை முழுக்க, இப்போது என் தலையில். நேற்று தீக்குச்சிகளை மருந்தில் முக்குகிற அறையில் என்னை அறியாமல் சாவியால் ஜன்னல் கம்பியில் தாளம் போட்டுவிட்டேன். போர்மேன் தங்கசாமி அண்ணாச்சி பதறி ஓடிவந்தார். "மொதலாளி, இங்கன எதையும் தட்டப்படாது. ஒரு பொறி போதும்."

முந்தாநாள் வரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். மூச்சு முட்டுகிறது, விஜி.

பாட்டை வேகமாக்கு. வருவதை அப்புறம் பார்க்கலாம்.

செண்பகராஜ்


பெங்களூர்
24.4.2004

செண்பா,

வேகமாக்கிப் பார்த்தோம். பழைய பாட்டையே திரும்பப் பாடுகிற மாதிரி இருந்தது. எனக்குக் கோபம் ஒன்றும் குறையவில்லை. மெதுவாகச் சொன்னால்தான் இப்போது வலிக்கிறது. உன் டிரம்ஸ் அடிக்காகத்தான் அத்தனை இடம் விட்டிருக்கிறோம்.

பேண்டில் மற்றவர்கள், உனக்குப் பதில் இங்கே டிரம்ஸ் வாசிக்கிற மாயகிருஷ்ணனை வைக்கலாம் என்கிறார்கள். பத்தாம் தேதி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். பஸ் ஏறுடா.

விஜி


கோவில்பட்டி
10.5.2004

அன்புள்ள விஜி,

நேற்றுச் சாயங்காலம் அம்மாவிடம் கயத்தாறு போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பையில் இரண்டு சட்டை, டிரம்ஸ் குச்சிகள். பெங்களூர் பஸ் நின்றிருந்தது. "ஏறுதியளா அண்ணாச்சி?" என்றார் கண்டக்டர்.

"இல்ல, ஓராளை வழியனுப்ப வந்தேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ, சொன்ன பிறகு ஏற முடியவில்லை. பஸ் புறப்பட்டபோது யாருக்கென்று இல்லாமல் கைகூட ஆட்டினேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன்.

மாயகிருஷ்ணனையே வாசிக்கச் சொல். மூன்றாவது பாட்டில் அவசரப்பட வேண்டாம், பொறுத்து அடித்தால்தான் அழகு.

பாட்டெல்லாம் நன்றாக இருக்கிறது, விஜி. கேட்ட அன்றே தெரியும். அப்போதே அதை எழுதியிருந்தால் நான் கிளம்பி வரவேண்டியிருந்திருக்கும்.

என்றும் உன்
செண்பகராஜ்