நீ மூடிவிட்டுப் போன எருக்குழி

என் பவானிக்கு,

நீ மூடிவிட்டுப் போன எருக்குழியைப் புரட்டாசியில் திறந்தேன். அழுகல் வாடை இல்லை. மழை விழுந்த மண்ணின் வாசனைதான். "ஏங்க, இதப் பாருங்க" என்பாயே என்று திரும்பிப் பார்த்தேன்.

மண்ணச்சநல்லூர் தாண்டி உன் அப்பா உனக்குக் கொடுத்த சரளைக் காட்டை நீ மறந்திருக்க மாட்டாய். சல்லடையில் ஊற்றிய மாதிரி, பெய்த மழை தங்காத மண். மழையை மட்டும் நம்பிப் போடும் பருத்தி அதில் முழங்கால் உயரம் வந்தாலே பெரிது. ஸ்ரீரங்கத்துக் கல்யாண வீடுகளில் சாப்பிட்டு எறிந்த வாழை இலைகளை நீ வண்டியில் ஏற்றியபோது தெருவே சிரித்தது. பக்கத்துக் காட்டுக்காரர் பெரியண்ணன் கேட்டாரே, "என்ன வாத்தியாரம்மா, பருத்திக்குப் பந்தி வைக்கிறீங்களா?"

"ஆமாங்க, பாயசம்தான் பாக்கி" என்றாய்.

முதல் வருஷம் நம் இருவருக்குமே பொறுமை இல்லை. மட்காத இலையை அப்படியே மண்ணில் போட்டோம், அரைவேக்காட்டுச் சோற்றைக் குழந்தைக்கு ஊட்டுவதுபோல. இலைக்கு வந்த கறையான் வேரையும் தின்றது. அடுத்த குழியில் சாணமும் ஆட்டுப்புழுக்கையும் ஊடே போட்டு, மேலே மண்ணால் மெழுகினாய். "நல்லா மக்குற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. உங்களையும் சேத்துத்தான் சொல்றேன்." அது மக்குவதற்குள் உன்னைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று.

கைலாசபுரத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நம் சேகர், "அம்மாவுக்காகத்தான் இந்தக் காட்ட வச்சிருந்தோம். இந்த வருஷமும் வெளையலேன்னா வித்துடலாம்ப்பா" என்றான். சரி என்றேன். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு இப்போது பள்ளிக்கூடமும் இல்லை, நீயும் இல்லை. எருவைக் கொட்டி, விதைத்துவிட்டு, காட்டிலேயே கிடந்தேன்.

கார்த்திகையில் மழை ஏமாற்றியது. பக்கத்துக் காட்டுச் செடிகள் வாடின. நம் செடியின் அடியில் விரலால் கிளறினேன். ஈரம் இருந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

மாசியில் காய் வெடித்து, காடு வெள்ளையாகிவிட்டது பவானி. பெரியண்ணன் வரப்புக்கு வந்தார். "அம்மா இருந்திருந்தா இன்னிக்குப் பாயசம் கேட்டிருப்பேன்" என்றார். சேகர் பஞ்சு எடுத்தான். மடி நிறைந்ததும் நிமிர்ந்தான்.

"அடுத்த குழிய எங்கப்பா வெட்டறது?"

நீ இருந்திருந்தால் எந்த இடத்தைக் காட்டியிருப்பாய்? வேப்பமரத்து நிழலையா? அங்கேதான் வெட்டப்போகிறோம். இலைக்கு நானே தெருத்தெருவாகப் போவேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மக்கும்வரை தொடவும் மாட்டேன்.

நீ கூப்பிட்ட பெயரிலேயே,
சேகரப்பா