பதினொன்று பத்துக்குப் போகும் இணைப்பு

மார்ச் 4
இன்றும் நான்காம் மாடி. இந்தப் பதிப்பகத்தில் நான் பார்த்துக்கொள்ளும் கணினிகளில், மெய்ப்புத் திருத்துபவருடையதில்தான் எப்போதும் இணையம் அறுந்துபோகிறது. நெட்வொர்க் கார்டை அணைத்துப் போட்டால் வந்துவிடும். அரை நிமிட வேலைக்கு எண்பத்தெட்டுப் படி!

மனிதர் நாற்காலியை இழுத்துப் போடுகிறார். "மூச்சு வாங்குது மேடம், உக்காருங்க." இன்று அவர் பிடித்த பிழை: 'வேடன் மேல் புளி பாய்ந்தது.' சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

மார்ச் 6
மேலாளர் கடுப்பாகிவிட்டார். "படி ஏறுறதுக்கா உங்களுக்குச் சம்பளம்?"

ரோஷம் வந்து ஒரு ஸ்கிரிப்ட், குட்டிக் கணினி நிரல், எழுதிவிட்டேன். நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் கார்டை அதுவே அணைத்துப் போடும். நடந்ததை நேரத்தோடு குறித்தும் வைக்கும். அவர் கணினியில் போட்டுப் பார்த்தேன். ஒன்பதே நொடி! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் மட்டும், "இனிமே நீங்க வரவே வேணாமா?" என்றார்.

மார்ச் 9
நான்காம் மாடியிலிருந்து போன் வரவில்லை.

மார்ச் 10
இன்றும் இல்லை. எவள் எழுதச் சொன்னாள் இந்த ஸ்கிரிப்டை? நான்தான். அறிவுகெட்டவள்.

மார்ச் 11
பதினொன்று பத்துக்குப் போன்! "போயிடுச்சு மேடம்." இரண்டிரண்டு படியாகத் தாவினேன். போய்ச் சேர்வதற்குள் இணைப்பு வந்துவிட்டது. என் ஸ்கிரிப்ட் சொதப்புகிறதே, எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?

மார்ச் 13
நேற்றும் இன்றும் அதே பதினொன்று பத்து. சந்தேகப்பட்டு ஸ்கிரிப்ட் குறித்துவைத்த பதிவைத் திறந்தேன். மூன்று நாளும் ஒரே வரி — 'கேபிள் செருகப்படவில்லை.'

கேபிள் தானாகக் கழலுமா? மணி பார்த்தா கழலும்?

அட கள்ளா!

மார்ச் 16
பதினொன்று எட்டுக்கே பூனைபோல ஏறிப் போய்விட்டேன். ஆள் மேசைக்கு அடியில். கையில் கேபிள், இன்னும் கழற்றவில்லை.

"அது... தானா கழலுது மேடம்."

"தெனமும் ஒரே நேரத்துக்கா சார்?"

காது சிவந்துவிட்டது அவருக்கு. "முன்னாடியெல்லாம் நெஜமாவே போச்சுங்க. இந்த நாலு நாளுதான் நான்."

"இன்னிக்கு இன்னும் பிடுங்கலயே, மூணு நாள்தானே!"

"அப்ப கணக்கு சரியா வரட்டும்," என்று பிடுங்கியே விட்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

ஏப்ரல் 2
அவரைப் பற்றி அக்காவிடம் சொல்லிவிட்டேன். "நீயாடி? உனக்கா?" என்று மூன்று முறை கேட்டாள்.

மே 21
எங்கள் கல்யாண அழைப்பிதழின் மெய்ப்பு வந்தது. பன்னிரண்டு வருடமாக ஊரார் பிழையெல்லாம் திருத்துகிறவர், நான்கு தடவை படித்துவிட்டு "சுத்தமா இருக்கு" என்று கொடுத்தார். தேதி இருக்கிறது, மாதத்தைக் காணோம். நானே பேனாவை எடுத்து 'ஜூன்' என்று எழுதினேன்.